பதினோரு மக்காச்சோள ரொட்டி

எருத்தேம்பதி,
7.9.1978, வியாழக்கிழமை.

அன்பு மைத்துனன் கந்தப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் குப்பண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் பழனாத்தாளும் குழந்தை கமலாத்தாளும் எருமைகள் இரண்டும் தேக சுகத்துடன் இருக்கிறோம். வாளையாரில் நீயும் உன் லாரி ஆபீசும் அதேபடி இருக்கிறீர்களா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். அதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. அடுத்தவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

வண்டன்மேட்டுப் பையன் பேச்சை நீ எடுத்த நாளிலிருந்தே எனக்கு இதில் இஷ்டமில்லை என்பது உனக்கு நன்றாகத் தெரியும். நம்ம சனந்தான், முப்பது வருஷத்துக்கு முன்னால் மலையேறிப் போய் ஏலக்காய் போட்டவர்கள்தான், அப்பா காலமாகிவிட்டார், அம்மாவும் பையனும் மட்டும், பையன் கருப்புசாமி பத்து ஏக்கரைத் தனியாளாகப் பார்க்கிறான் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். மலையில் மழை, மழையில் அட்டை, போக ஒரு நாள், வர ஒரு நாள், இருப்பது ஒற்றைப் பெண், அவளையும் அங்கே அனுப்பிவிட்டு நான் இங்கே எருமைகளோடா பேசிக்கொண்டிருப்பது என்றேன். அத்தோடு நிற்காமல் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பத்துப் பேர் முன்னால், "எம்புள்ளைய மலைக்குக் குடுத்தா ஒரு பக்கத்து மீசைய எடுத்துக்கறேன்" என்றும் சொல்லிவிட்டேன். அப்புறமும் நீ விட்டாயா? சும்மா போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம், பிடிக்கவில்லை என்றால் ஒரு கார்டு எழுதிப் போட்டுவிடலாம் என்றாய். சரி, உன் அக்காள் முகத்துக்காக ஒத்துக்கொண்டேன். கிளம்புகிற அன்றைக்குக் கமலாத்தாள் புளிச்சோற்று மூட்டையை என் கையில் கொடுத்து, "நீங்க பாத்துட்டு வேண்டாம்னா எனக்கும் வேண்டாமுங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையின் முடிச்சை மறுபடியும் இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பொள்ளாச்சிக் கல்யாணத்தில் அவள் அந்தப் பையனைப் பார்த்திருக்கிறாள், பார்த்த நாளிலிருந்து வேறு பேச்சே காதில் ஏறவில்லை என்கிற சங்கதியை உன் அக்காள் வண்டி உடுமலை தாண்டின பிறகுதான் எனக்குச் சொன்னாள். இறங்கி ஓட முடியாத இடம் பார்த்துச் சொல்வதில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

வண்டி என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். அம்பாசடர் கார் அனுப்புகிறேன், காலை நீட்டிக்கொண்டு போய்வரலாம் என்றவன் நீ. வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் என் களத்தில் வந்து நின்றது ஒரு வீடு. நான்கு சக்கரத்துக்கு மேல் ஒரு முழு வீடு. சன்னலுக்குப் பூப்போட்ட திரை, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, தட்டு அடுக்க அலமாரி, கூரையில் புகை போக ஒரு குழாய். பின்பக்கம் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தது. எருமைகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. இறங்கி வந்த மனிதர் பெயர் எர்னெஸ்தோ, சம்சாரத்தின் பெயர் லூபே, சொந்த ஊர் மெக்சிகோ. அது அமெரிக்காவுக்கு அடியில் இருக்கிறது என்று கமலாத்தாள் மேப்பை விரித்துக் காட்டினாள். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். ஜெர்மனியில் பழைய ஆஸ்பத்திரி வண்டி ஒன்றை வாங்கி வீடாக மாற்றி, துருக்கி, பாரசீகம் எல்லாம் தாண்டி வந்திருக்கிறார்களாம். வாளையாரில் அந்த வண்டி படுத்துக்கொண்டபோது நீ மெக்கானிக்கைக் கூட்டிவந்து கிளப்பிவிட்டாயாம், அந்த நன்றிக்கு அவர்கள் தேக்கடி போகிற வழியில் எங்களையும் ஏற்றிக்கொள்வார்களாம். "கார் அமையலீங்க மாமா, இது காரைவிடச் சௌரியமுங்க" என்று ஒரு சீட்டு வேறு எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருந்தாய். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது தருகிறேன்.

சௌரியத்தைக் கேள். அந்த நாட்டு வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். ஆகையால் நம் ஊரில் டிரைவர் உட்காருகிற இடத்தில் நான். எதிரே லாரி வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையும் என்னுடையது, ஏனென்றால் முன்னால் போகிற மாட்டு வண்டியைத் தாண்டி அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் யெஸ், நோ, ஸ்டாப். அதை வைத்துக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து கம்பம் வரைக்கும் மூன்று உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், என்னையும் சேர்த்தால் நாலு. பழனியில் ஒரு போலீஸ்காரர், கையைக் கட்டிக்கொண்டு வெற்றிலை மென்றபடி வண்டி ஓட்டுகிறாயா என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீயரிங்கே இல்லை என்று சன்னலைத் திறந்து காட்டின பிறகு இன்னும் அதிகமாகக் கோபப்பட்டார். உன் அக்காளோ பின்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டு ராணி மாதிரி வந்தாள். உள்ளே சுவரில் ஒரு அம்மன் படம் மாட்டியிருந்தார்கள், உடம்பைச் சுற்றி ஒளிக்கதிர், காலடியில் பிறை. எந்த ஊர் அம்மன் என்றெல்லாம் கேட்கவில்லை, தலையில் இருந்த பூவை எடுத்து அதற்குச் சாத்திவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளும் லூபேயும் உடன்பிறந்தவர்களாகிவிட்டார்கள். இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் வழி முழுக்க என்னைப் பற்றித்தான் பேசிச் சிரித்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உடுமலைக்கு அப்பால் லூபே திடீரென்று கத்தினாள். யாரோ அடிபட்டார்கள் என்று நான் ஸ்டாப் சொன்னேன். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி, ஒரு தோட்டத்து வேலியில் இருந்த சப்பாத்திக்கள்ளியை மடல் மடலாக அறுக்க ஆரம்பித்தாள். கந்தப்பா, என் ஆயுசில் பாதி அந்தக் கள்ளியை வெட்டிக் கொளுத்துவதில் போயிருக்கிறது. அது அவர்கள் ஊரில் கறியாம். தோட்டக்காரர் அரிவாளோடு வந்துவிட்டார். "ஏனுங்க, எங்க வேலிய எதுக்குங்க அறுக்கறீங்க?" என்றார் என்னைப் பார்த்து. நான் தலையைக் குனிந்துகொண்டு, "சமைக்கறதுக்குங்க" என்றேன். அவர் என்னையும் வண்டியையும் கொடியில் கிடந்த துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுல ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டார். அப்புறம் ஒரு பரங்கிக்காயையும் பறித்துக் கொடுத்து அனுப்பினார். பரம்பரை பரம்பரையாக நாலு பேருக்குச் சோறு போட்ட குடும்பம் நம்முடையது. உடுமலை ரோட்டில் நின்று பரங்கிக்காய்ப் பிச்சை வாங்கினேன், உன்னால்.

அந்தக் கள்ளியை முள் சீவித் தணலில் சுட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சம்பழமும் சேர்த்து, கையிலிருந்த கடைசி மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டி அதற்குள் வைத்துக் கொடுத்தாள். வெண்டைக்காய்க்கும் மாங்காய்க்கும் நடுவில் ஒரு ருசி. மரியாதைக்கு ஒன்று தின்றேன். ஒன்றோடு நிறுத்தினால் மரியாதை குறைவாகிவிடுமோ என்று இன்னும் மூன்று. பிறகு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினேன் பார், அதோடு போயிற்று. லூபே என் சுண்ணாம்பு டப்பியைப் பிடுங்கி, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, காணாமல் போன பிள்ளை கிடைத்தது போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுண்ணாம்பு போட்டு வேகவைத்தால்தான் அவர்கள் ஊர் ரொட்டிக்குச் சோளம் பக்குவப்படுமாம், அவர்களுடையது பாரசீகத்திலேயே தீர்ந்துவிட்டதாம். இவ்வளவும் அவள் கையால் காட்டியதிலிருந்து உன் அக்காள் புரிந்துகொண்டு எனக்குச் சொன்னது. டப்பி திரும்ப வரவில்லை. இரண்டு நாள் வெறும் வெற்றிலையை மென்றேன், எருமைக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல்.

ராத்திரி கம்பத்தில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை காலையில் கம்பம்மேட்டு மலைப்பாதையில் ஏறினோம். நாலாவது வளைவில் எஞ்சின் கொதித்து நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதற்குள் குரங்குகள் வீட்டுக்குள் புகுந்து, என் புளிச்சோற்று மூட்டையையும் லூபேயின் சர்க்கரை டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. கமலாத்தாள் இரண்டு தடவை இறுக்கின முடிச்சைப் பெரிய குரங்கு ஒன்று மரத்தில் உட்கார்ந்து நிதானமாக அவிழ்த்தது. மேலே செக்போஸ்டில் இருந்த சார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது வீடாணோ, வண்டியாணோ?" என்று கேட்டார். "வண்டிதான் சாரே" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உன் அக்காள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு நோட்டில் வாகனம் என்று எழுதினார். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும். சர்க்கார் எழுதியது வாகனம். அதைத் தாண்டி ஏலத்தோட்டத்து நிழலில் எர்னெஸ்தோ படம் பிடிக்க இறங்கினார். திரும்பி வரும்போது காலில் ஏழெட்டு அட்டை. உப்பு போட்டால் விழும் என்று நான் சைகை காட்டினேன். ஒரு சிட்டிகை போதும். அவர் டப்பாவில் இருந்த அத்தனை உப்பையும் இரண்டு காலிலும் கொட்டிக்கொண்டார். அட்டையும் விழுந்தது, உப்பும் தீர்ந்தது.

மத்தியானம் மழையோடு மழையாகப் பையன் வீட்டு வாசலில் போய் நின்றோம். பையனின் அம்மா சுப்பாத்தாள் குடையோடு ஓடி வந்து, "வாங்க சம்பந்தி, வாங்க" என்றாள். "இன்னும் அந்த மொறைக்கு வரலீங்க" என்று நான் அங்கேயே வெட்டிவிட்டேன். நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. சம்மதம் சொல்லுகிறவரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். ஏலக்காய் டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். வீட்டைப் பார்த்தேன், ஏலம் காயவைக்கிற ஸ்டோரைப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். அப்போது பையன் வந்து, "ரோட்டுல மரம் விழுந்து மண்ணும் சரிஞ்சுபோச்சுங்க. நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னால வழி விடமாட்டாங்களாமுங்க" என்றான். மரம் விழுந்ததில் உனக்குச் சம்பந்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

ஆக, சனிக்கிழமை மீதிப் பொழுது முழுக்க நான் அந்த வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளிச்சோறு குரங்கு வயிற்றில். அடுப்பங்கரையிலிருந்து கோழி வறுக்கிற வாசம். மழைக்காலத்து வாசம் கதவு சாத்தினால் நிற்காது, கந்தப்பா, அது சன்னல் இடுக்கில் வரும். உன் அக்காள் அடுப்பங்கரையே கதி என்று இருந்தாள். அங்கே கருப்பட்டிக் காப்பி மட்டும் மூன்று தம்ளர் குடித்தாளாம். கேட்டதற்கு, "பொம்பளைக குடிச்சா அது சேத்தி இல்லீங்க" என்றாள். இந்தச் சட்டம் எந்த வருஷத்தில் வந்தது என்று தெரியவில்லை. சாயங்காலம் மழை விட்டதும் பார்த்தால், பையன் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த மக்காச்சோளக் கதிர்களை அவிழ்த்து லூபேக்குக் கொடுக்கிறான், அவள் முற்றத்தில் விறகு மூட்டிப் பெரிய சட்டியில் சோளத்தைப் போட்டு, என் சுண்ணாம்பு முழுவதையும் அதில் கரைத்து விடுகிறாள். சுவருக்கு அடிக்கிறதைச் சோற்றில் கலக்கிறார்களே, வாய் வெந்து போகுமே என்று நான் சன்னல் வழியாகச் சத்தம் போட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சோளத்தைக் கழுவி, தோலை உரித்து, அரைக்க எடுத்துப் போனார்கள். பின்கட்டில் அம்மி. அங்கே நான் கண்ட காட்சியை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீ சொன்ன பத்து ஏக்கர்க்காரனின் லட்சணம் இது. பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து மாவு அரைத்துக்கொண்டிருந்தான். ஆம்பளை. அதுவும் மாமனாராக வரக்கூடியவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது. "ஏந் தம்பி, ஊட்டுல பொம்பளைக இல்லியா?" என்று கேட்டேன். அவன் கையை நிறுத்தாமல், "அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிக்குதுங்க. ரெண்டு வருசமா நான்தானுங்க தெனமும் அரைக்கறது" என்றான். வெட்கப்படுவான் என்று பார்த்தேன், படவில்லை. நெற்றியில் ஒட்டின மாவைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த பிடியை எடுத்துப் போட்டான். இப்படிப்பட்ட ஆளுக்கா பெண் கொடுப்பது?

பசி என்னை அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. லூபே வண்டிக்குள் தன் அடுப்பைப் பற்றவைத்து ரொட்டியைப் போட்டாள். ஒவ்வொன்றும் கல்லில் உப்பி எழுந்து, திருப்பிப் போட்டதும் புஸ்ஸென்று அடங்கியது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் பையன் படியில் நின்று சொன்னான்: "இந்த வண்டி எங்கூடு இல்லீங்களே. நம்பர் பிளேட்டே வேற நாட்டுதுங்க. இதுல உக்காந்து நீங்க சாப்பிட்டா அது எங்கூட்டுல கை நனைச்சதா ஆகாதுங்க." எவ்வளவு நியாயமான பேச்சு. செக்போஸ்டில் வாகனம் என்று எழுதினதும் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன். தக்காளியையும் மிளகாயையும் தணலில் கருக்கிச் சட்னி, தட்டப்பயறு மாதிரி ஒரு பயறு வேகவைத்து மசித்தது, அந்தப் பக்கத்தில் விளைகிற பட்டர் புரூட் பழத்தை மசித்து எலுமிச்சை பிழிந்து ஒரு பச்சடி. எர்னெஸ்தோ மிளகாயைத் தூக்கிக் காட்டி என்னவோ சொல்ல, பையன் இங்கிலீஷில் கேட்டு எனக்குச் சொன்னான். மிளகாய், தக்காளி, கொய்யா, மக்காச்சோளம் எல்லாம் அவர்கள் நாட்டிலிருந்துதான் இங்கே வந்ததாம். நான் சண்டைக்குப் போய்விட்டேன். "அப்ப எங்க பாட்டன் காரத்துக்கு என்னத்தத் தின்னானாம், கேளு" என்றேன். கேட்டான். "மிளகு தின்னிருப்பாருன்னு சொல்றாருங்க" என்றான். அவருக்கு என்னைவிட இரண்டு விரல் அகலமான மீசை வேறு. அந்தக் கோபத்தில் எத்தனை தின்றேன் என்று கவனிக்கவில்லை. பதினொன்று என்று பிறகு சொன்னார்கள். கடைசியில் அந்த மாவையே கரைத்துக் காய்ச்சி, தன் ஊரிலிருந்து கொண்டுவந்த கோக்கோக் கட்டியில் மீதியிருந்த ஒரே துண்டையும் உடைத்துப் போட்டு, இனிப்பாக ஒரு தம்ளர் கொடுத்தாள். அதையும் குடித்தேன். அம்பது வயசில் ஒரு மனிதன் தம்ளரின் அடியை விரலால் வழிக்கக் கூடாது. வழித்தேன்.

அப்போது அந்த வீட்டில் வேலை செய்கிற அழகுத்தாய் தலையை நீட்டி, "உப்பு போதுமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாக" என்றாள்.

"எந்த உப்பு?" என்றேன்.

"நம்ம வீட்டு உப்புதான். இவுக உப்பத்தான் அட்டைக்குப் போட்டுத் தீத்துட்டாகளாம்ல? சக்கரையும் இங்கனருந்துதான் குடுத்தோம், அவுக டப்பாவக் குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சாம்."

தம்ளர் என் கையிலேயே இருந்தது. நம்ம சனத்தில் நிச்சயம் என்றால் உப்புச்சர்க்கரைதான். பையன் வீட்டு உப்பும் சர்க்கரையும் பெண் வீட்டுக்காரன் ஏற்றுக்கொண்டுவிட்டால் பேச்சு முடிந்தது. ஊரே கூடி, தட்டம் வைத்துச் செய்ய வேண்டிய காரியத்தை நான் ஒரு வண்டிக்குள், பனியனோடு உட்கார்ந்து, விரலை நக்கிக்கொண்டு முடித்திருக்கிறேன். சுப்பாத்தாள் படிக்கு வந்துவிட்டாள். தலை சீவி, புதுச் சேலை கட்டியிருந்தாள். எப்போது கட்டினாள் என்று யோசித்துப் பார். "உப்புச்சக்கரை ஆயிப்போச்சுங்களே சம்பந்தி" என்றாள். நான் விடவில்லை. இது வீடல்ல, வாகனம், சர்க்கார் நோட்டில் எழுத்து இருக்கிறது என்றேன். "வவுத்துக்குள்ள போன உப்புக்கு ஊடும் தெரியாது, வண்டியும் தெரியாதுங்க" என்றாள். சுண்ணாம்பு என்னுடையது, ஆகையால் முழுச் சாப்பாடும் அவர்களுடையது என்று சொல்ல முடியாது என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அதத்தானுங்க நானும் சொல்றேன். சோளம் எங்குளுது, சுண்ணாம்பு உங்குளுது. ரெண்டூட்டுப் பொருளும் ஒரே சட்டியில வெந்துபோச்சு, இனி யாரு பிரிக்கறது?" என்றாள். உன் அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எர்னெஸ்தோவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கை தட்டினார், படமும் பிடித்தார். அந்தப் படத்தில் என் வாய் நிறைய, அப்போதுதான் எடுத்துத் திணித்துக்கொண்ட பன்னிரண்டாவது ரொட்டி இருக்கிறது. அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதை நான் முழுங்கவே இல்லை, திகைப்பில் அப்படியே இருந்தது.

ஆகவே கந்தப்பா, இதையெல்லாம் ஏற்படுத்தினவன் நீ, சரிசெய்ய வேண்டியவனும் நீ. கடிதம் கண்டதும் புறப்பட்டு வண்டன்மேட்டுக்குப் போ. வாகனத்தில் தின்றது செல்லாது, பசியில் தின்றது செல்லாது, அட்டைக்கும் குரங்குக்கும் பயந்து நடந்த காரியம் நிச்சயம் ஆகாது என்று பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசி முடி. பையன் அம்மியில் உட்காருகிற விஷயத்தையும் மறக்காமல் எடுத்துச் சொல். என் மீசை விஷயம் கொழிஞ்சாம்பாறையில் பத்துப் பேருக்குத் தெரியும். இந்தச் சந்தைக்கு நான் போகவில்லை. அடுத்த சந்தைக்குள் எனக்குப் பதில் வர வேண்டும்.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்லவும். மாரியாத்தாள் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், உன்னை மட்டும் கடைசியாக.

இப்படிக்கு,
மனம் நொந்த,
குப்பண்ணன்.

பி.கு.: மேலே எழுதினதை உன் அக்காளுக்கும் கமலாத்தாளுக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். இது அவர்களுக்குப் படிக்காதது. சுப்பாத்தாள் கொட்டாங்குச்சியில் உப்பும் கிண்ணத்தில் நாட்டுச்சர்க்கரையும் வைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வண்டிக்குப் போனதை நான் பார்த்தேன். முதல் ரொட்டி கல்லில் விழுவதற்கு முன்னாலேயே பார்த்தேன். எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் அந்தப் பையனை அம்மியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இருபத்து நாலு வருஷத்தில் நம் வீட்டு அம்மி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை, உன் அக்காள் கை வலிக்கிறதா என்று கேட்டதும் இல்லை. மழையோ அட்டையோ, கமலாத்தாளுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் வராது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. வாயைத் திறந்து சரி என்று சொல்ல முடியாது, மீசை இருக்கிறது. அதனால் வாயைத் திறந்து ரொட்டியைப் போட்டுக்கொண்டேன். பெண்ணை நான் கொடுக்கவில்லை, உப்பு கொடுத்துவிட்டது என்று சந்தையில் சொல்லிக்கொள்ளலாம். நீ வண்டன்மேட்டுக்கு அவசியம் போ, ஆனால் தையில் நல்ல முகூர்த்தம் ஒன்று பார்த்துக்கொண்டு போ. போகும்போது பெரிய டப்பியாகச் சுண்ணாம்பும் எடுத்துப் போ. தேக்கடியிலிருந்து திரும்பும்போது கல்யாணம் வரைக்கும் இருப்பதாக லூபே சைகை காட்டியிருக்கிறாள். இன்னொன்று. அம்மிப் பக்கம் நான் நின்று பார்த்ததை உன் அக்காள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஊர் திரும்பின நாளிலிருந்து நம் வீட்டு அம்மிக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று தேங்காய் அரைத்தேன். முட்டி இன்னும் வலிக்கிறது.